குருத்தோலைக் கணக்கு

ஈஸ்டர் அலங்காரம் என்றதும் கடைக்காரர்கள் காட்டுவது வண்ண முட்டையும் முயல் பொம்மையும்தான். முயல் வந்து முட்டை வைத்துவிட்டுப் போகும் என்பது ஜெர்மனிக் கதை. 1682-இலேயே ஒரு ஜெர்மன் மருத்துவர் அதை எழுதி வைத்திருக்கிறார். நான் சொல்ல வருவது காசே செலவாகாத வேறொரு அலங்காரத்தைப் பற்றி. பிழைப்புக்காக நம்மூரை விட்டு மட்டாஞ்சேரிப் பக்கம் வந்து சேர்ந்த தமிழர்களுக்கு இது அந்நியமாகவே தெரியாது. நம் கல்யாணப் பந்தலில் தோரணமாகத் தொங்கும் அதே தென்னங்குருத்துதான், இங்கே குருசாகிறது.

இயேசு எருசலேமுக்குள் வந்தபோது மக்கள் ஓலை பிடித்து வரவேற்றார்கள் என்பது விவிலியச் செய்தி. அங்கே அது பேரீச்ச ஓலை. நாலாம் நூற்றாண்டின் கடைசியில் எருசலேம் போன எகேரியா என்ற பெண் யாத்ரீகர், குழந்தைகள்கூட ஈச்ச ஓலையும் ஒலிவக் கிளையும் பிடித்து வந்ததை எழுதியிருக்கிறார். பனிப் பிரதேசத்தில் ஈச்சைக்கு எங்கே போவது? ரஷ்யர்கள் வில்லோ மரக்கிளையைப் பிடித்தார்கள். கேரளத்தில் கைக்கெட்டியது தென்னை.

செய்முறை ரொம்பச் சுலபம். குருத்தோலையில் ஒரு கீற்றைக் கிழித்து, ஈர்க்கை எடுத்துவிட வேண்டும். ஒரு துண்டு நெட்டுக்கு, இன்னொன்று குறுக்குக்கு. குறுக்குத் துண்டை நெட்டுத் துண்டின்மேல் மடித்து, நுனியை உள்ளே செருகினால் குருசு ரெடி. பசை, குண்டூசி எதுவும் வேண்டாம்.

இனி அதன் வரவு செலவைப் பாருங்கள் (பி.காம். புத்தி, விடாது!). குருத்தோலை ஞாயிறன்று கோயிலில் மந்திரித்த ஓலை வீட்டுக்கு வரும். வியாழக்கிழமை ராத்திரி, சுறியானி கிறிஸ்தவர் வீடுகளில் அரிசியும் உளுந்தும் சேர்த்துப் புளிக்க விடாமல் பெசஹா அப்பம் அவிப்பார்கள். அதன்மேல் இந்த ஓலையில் செய்த குருசை வைப்பார்கள். ஜெபம் முடிந்து வீட்டுப் பெரியவர் அப்பத்தை அறுத்து, தேங்காய்ப் பாலும் வெல்லமும் சேர்த்த பாலோடு எல்லாருக்கும் கொடுப்பார். அந்த வருஷம் சாவு விழுந்த வீட்டில் அப்பம் செய்வதில்லை. உறவுக்காரர்களோ அக்கம்பக்கத்தாரோ கொண்டுவந்து கொடுப்பார்கள். மிச்ச ஓலை சுவரில் செருகியபடி காய்ந்துகொண்டிருக்கும். அடுத்த தவக்காலத் தொடக்கத்தில் பழைய ஓலையை எரித்துத்தான் நெற்றியில் இடும் சாம்பல் எடுக்கிறார்கள். முதல் செலவு இல்லை, கடைசியில் குப்பையும் இல்லை. கணக்கு டாலி!

'பெசஹா' என்பது யூதர்களின் பாஸ்கா விழாவுக்குரிய எபிரேயச் சொல், சுறியானி வழியாக வந்தது. 1568-இல் கட்டிய யூத ஜெபாலயம் நிற்பதும் இதே மட்டாஞ்சேரியில்தான்.

மட்டாஞ்சேரிக்கு இன்னொரு குருசுக் கதையும் உண்டு. 1599-இல் உதயம்பேரூரில் சபை கூட்டி, இங்குள்ள கிறிஸ்தவர்களின் வழிபாட்டையும் வழக்கங்களையும் போர்த்துக்கீசியர் மாற்றத் தொடங்கினார்கள். புகைச்சல் முற்றி, 1653 ஜனவரி 3 அன்று பெருங்கூட்டம் மட்டாஞ்சேரியில் திரண்டது. ஏசு சபைப் பாதிரிமார்களுக்கு இனிக் கீழ்ப்படிவதில்லை என்று சத்தியம் செய்தது. எல்லாராலும் குருசைத் தொட முடியவில்லை, அதனால் கயிறு கட்டிப் பிடித்துக்கொண்டார்கள், இழுத்த இழுப்பில் குருசே வளைந்தது என்பது இங்கே சொல்லிவரும் கதை. அதுதான் கூனன் குருசு.

அதற்குப்பின் சமூகம் இரண்டாகி, பிறகு பலவாகியது. ஒரு பக்கம் ரோமாபுரியோடு சேர்ந்தது, மறுபக்கம் அந்தியோக்கியாவோடு. கோயிலுக்கும் சொத்துக்கும் வழக்குகள் உச்ச நீதிமன்றம் வரை போயின. ஆனால் இன்றைக்கும் இரண்டு பக்கத்து வீட்டிலும் பெசஹா ராத்திரி அப்பத்தின்மேல் அதே ஓலைக் குருசு! ஏன்? இது அடுக்களையில் நடக்கும் சடங்கு. பாதிரியார் வேண்டாம், ஆயர் கையெழுத்து வேண்டாம், பாட்டி போதும். அதிகாரம் எட்டாத இடத்தில் இருந்ததால்தான் பிரிவினையும் எட்டவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

ஓலைக்கும் ஆபத்து உண்டு. கொலம்பியாவில் குருத்தோலை ஞாயிறுக்காக மெழுகுப் பனையை வெட்டி வெட்டி, அதை நம்பி வாழும் மஞ்சள் காதுக் கிளி அழியும் நிலைக்குப் போனது. 1985-இல் அந்தப் பனையைத் தேசிய மரமாக அறிவித்து வெட்டுவதைத் தடை செய்தார்கள். பிறகு திருச்சபையும் வேறு இலைகளைப் பிடிக்கச் சொல்லி மக்களைக் கேட்டுக்கொண்டது. தென்னைக்கும் வளரும் முனை ஒன்றே ஒன்றுதான். குருத்தைக் கண்டபடி வெட்டினால் மரம் நோகும். ஒரு குருசுக்கு ஒரு கீற்று போதுமே. கைநிறைய வாங்கி வந்து என்ன செய்யப் போகிறோம்?

வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் இந்த முறை ஒரு கீற்றைக் கொடுத்து மடிக்கச் சொல்லுங்கள். பிளாஸ்டிக் முயல் அடுத்த வருஷமும் கடையில் கிடைக்கும். மடிக்கத் தெரிந்த பாட்டி அப்படியில்லை.