காற்றுக்கு யார் கூலி கொடுப்பது?

(தொலைக்காட்சிக் கருத்துக்கள நிகழ்ச்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அண்மையில் ஒரு திருமண விருந்தில் எனக்குப் பக்கத்தில் அமர்ந்திருந்த இளைஞர் ஒருவர் சாப்பாட்டை மறந்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார். "அண்ணே, என் காருக்கு டர்போ போடலாமா, சூப்பர்சார்ஜர் போடலாமா? எதுல பவர் அதிகம்?" அவருடையது இரண்டு கதவு கொண்ட பழைய ஜப்பானிய ஸ்போர்ட்ஸ் கார். இரண்டில் ஒன்றைப் பொருத்துவதற்காக ஓராண்டாகப் பணம் சேர்த்து வைத்திருக்கிறார். பந்தியில் வைத்து அவருக்குப் பதில் சொல்ல நேரம் போதவில்லை. அந்தப் பதிலைத்தான் இன்று சொல்லப் போகிறேன். ஏனென்றால் இதே கேள்வியை வைத்துக்கொண்டு 1920களில் இங்கிலாந்தில் ஒரு பெரிய நிறுவனமே இரண்டாகப் பிரிந்து நின்றது.

முதலில் அடிப்படையைப் பார்த்துவிடுவோம். ஒரு கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 15 கிராம் காற்று வேண்டும். இயந்திரத்திற்குள் பெட்ரோலை எவ்வளவு வேண்டுமானாலும் ஊற்றலாம். காற்றைத்தான் உள்ளே அனுப்புவது கடினம். வலுக்கட்டாயமாகக் காற்றைத் திணிப்பதற்கு ஒரு விசிறியோ அழுத்தியோ வேண்டும். அதைச் சுழற்றுவது யார்? இயந்திரத்தின் கிராங்க்ஷாஃப்டே பட்டை அல்லது பல்சக்கரம் வழியாகச் சுழற்றினால் அது சூப்பர்சார்ஜர். வெளியேறும் சூடான புகை ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றி, அந்தச் சக்கரம் அழுத்தியைச் சுழற்றினால் அது டர்போ. ஒன்று கூலியை உடனே கையில் கேட்கும். மற்றொன்று, வீணாகப் போகும் புகையிலிருந்து கூலியை எடுத்துக்கொள்ளும். ஆனால் புகை போதுமான அளவு வரும்வரை வேலையைத் தொடங்காது.

இனி இங்கிலாந்துக்குப் போவோம். டபிள்யூ.ஓ. பென்ட்லி என்ற பொறியாளர் 1919இல் தம் பெயரிலேயே கார் நிறுவனம் தொடங்கினார். பிரான்சில் நடக்கும் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் அவருடைய கார்கள் 1924இலும் பிறகு 1927, 1928, 1929 என்று தொடர்ந்தும் வென்றன. அவருடைய கொள்கை எளிமையானது. கூடுதல் சக்தி வேண்டுமா? இயந்திரத்தின் கொள்ளளவைக் கூட்டு. மூன்று லிட்டருக்குப் பிறகு ஆறரையும் நான்கரையும் வந்தன, கடைசியில் 1930இல் எட்டு லிட்டரே வந்துவிட்டது.

அவருடைய ஓட்டுநர்களில் ஒருவர் சர் ஹென்றி பர்கின். 'டிம்' என்று எல்லாரும் அழைப்பார்கள். அவர் வேறு மாதிரி நினைத்தார். ஐரோப்பாவில் சூப்பர்சார்ஜர் பொருத்திய கார்கள் பாய்ந்து போவதைப் பார்த்தவர் அவர். நான்கரை லிட்டர் காருக்கே அதைப் பொருத்தினால் போதாதா என்பது அவர் வாதம். டபிள்யூ.ஓ. மறுத்தார். நீண்ட நேரம் உழைப்பதற்காகப் பார்த்துப் பார்த்து வடிவமைத்த இயந்திரத்திற்குள் வலுவில் காற்றை ஊதுவது, அந்த வடிவமைப்பையே கெடுப்பதாகும் என்பது அவர் உறுதியான கருத்து.

பர்கின் விடவில்லை. டோரதி பேஜட் என்ற பெருஞ்செல்வந்தப் பெண்மணி பணம் கொடுத்தார். ஆம்ஹெர்ஸ்ட் வில்லியர்ஸ் என்ற பொறியாளர் சூப்பர்சார்ஜரை வடிவமைத்தார். வெல்வின் என்ற ஊரில் பர்கினின் சொந்தப் பட்டறையில் வேலை நடந்தது. லெ மானில் ஓட வேண்டுமானால் அதே வகையில் 50 கார்களைத் தயாரித்து விற்க வேண்டும் என்பது விதி. நிறுவனத்தின் தலைவரும் பணமுதலாளியுமான வுல்ஃப் பர்னாட்டோ அதற்கு ஒப்புதல் கொடுத்துவிட்டார். நிறுவனத்திற்குத் தம் பெயரைக் கொடுத்தவரின் சொல் எடுபடவில்லை. முதல் போட்டு நடத்துகிறவருக்குத்தான் கடைசிச் சொல். இது எல்லா ஊரிலும் நடப்பதுதானே!

அந்தக் காரின் முகத்தைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். ரேடியேட்டருக்கு முன்னால், கீழே, மூக்கு போல ஒரு உலோகப் பெட்டி நீட்டிக்கொண்டிருக்கும். அதுதான் சூப்பர்சார்ஜர். இயந்திரத்தில் கைவைக்க டபிள்யூ.ஓ. இடம் தராததால், கிராங்க்ஷாஃப்டின் முன்முனையில் வெளியே மாட்ட வேண்டியதாயிற்று. முன்பக்கம் பாரம் கூடியது. வளைவுகளில் கார் திரும்ப அடம்பிடித்தது. ஆனால் சக்தியைப் பாருங்கள். சாதாரண நான்கரை லிட்டர் காருக்கு 110 குதிரைத்திறன். சூப்பர்சார்ஜர் பொருத்தி விற்ற காருக்கு 175. பந்தயக் காருக்கு 240! பெட்ரோலையும் அதற்கேற்பக் குடித்தது.

இப்போது 1930, ஜூன் மாதம், லெ மான். எதிரே ஜெர்மனியின் மெர்சிடிஸ் எஸ்எஸ்கே. ஓட்டுபவர் ருடால்ஃப் கராச்சியோலா. அந்த மெர்சிடிசிலும் சூப்பர்சார்ஜர் உண்டு. ஆனால் ஜெர்மானியர்கள் ஒரு தந்திரம் செய்திருந்தார்கள். அது எப்போதும் சுழலாது. ஓட்டுநர் மிதியை அடிவரை அழுத்தினால்தான் அலறிக்கொண்டு வேலை செய்யும். காலை எடுத்தால் ஓய்ந்துவிடும். எப்போதாவது தேவைப்படும் பலத்திற்கு நாள் முழுதும் கூலி கொடுப்பானேன் என்ற கணக்கு.

பர்கின் அந்த மெர்சிடிசைத் துரத்தினார். நீண்ட நேர்ச்சாலையில், டயரின் ரப்பர் கிழிந்து பறக்க, இரண்டு சக்கரங்கள் புல்வெளியில் ஏற, அவர் முந்திப்போன காட்சியை இன்றும் பந்தய ரசிகர்கள் கதை கதையாகச் சொல்வார்கள். இரவில் மெர்சிடிஸ் கோளாறாகி நின்றுவிட்டது. சரி, பர்கின் வென்றாரா? இல்லை. பேஜட் அம்மையாரின் பணத்தில் ஓடிய சூப்பர்சார்ஜர் பென்ட்லிகளும் இயந்திரக் கோளாறால் ஒவ்வொன்றாக விலகின. முதலிடமும் இரண்டாமிடமும் பெற்றவை டபிள்யூ.ஓ.வின் ஆறரை லிட்டர் 'ஸ்பீட் சிக்ஸ்' கார்கள். அவற்றில் சூப்பர்சார்ஜர் இல்லை.

பர்கின் கண்டது முழுத் தோல்வி என்று சொல்லிவிடக் கூடாது. அதே ஆண்டு செப்டம்பரில் பிரான்சின் போ நகரில் நடந்த கிராண்ட் பிரீயில், சிறிய இலேசான புகாட்டிகளுக்கு நடுவே அந்தக் கனத்த காரை ஓட்டி இரண்டாவதாக வந்தார். 1932இல் புரூக்லண்ட்ஸ் ஓடுதளத்தில் மணிக்கு 222 கிலோமீட்டர் சராசரி வேகத்தில் ஒரு சுற்றை முடித்துச் சாதனை படைத்தார். ஒரு சுற்று ஓட அந்த இயந்திரம் போதும். 24 மணி நேரம் ஓடத்தான் போதாது. டபிள்யூ.ஓ. சொன்னதும் அதைத்தான். 1931இல் பென்ட்லி நிறுவனம் கடனில் மூழ்கி ரோல்ஸ்-ராய்ஸ் கைக்குப் போனது. அதற்குப் பொருளாதார மந்தமே பெரிய காரணம் என்றாலும், இந்த 50 கார் விவகாரமும் செலவுக் கணக்கில் சேர்ந்தது. பர்கின் 1933இல், 36 வயதில் காலமானார்.

டர்போவுக்கு வருவோம். இது ஆல்ஃபிரட் பூக்கி என்ற சுவிஸ் பொறியாளரின் எண்ணம். 1905லேயே காப்புரிமை பெற்றுவிட்டார். 1918இல் அமெரிக்காவின் சான்ஃபோர்ட் மாஸ், ஒரு விமான இயந்திரத்தை 4,300 மீட்டர் உயரமுள்ள பைக்ஸ் பீக் மலைக்கு லாரியில் ஏற்றிக்கொண்டு போனார். தரைமட்டத்தில் 350 குதிரைத்திறன் கொடுத்த இயந்திரம், காற்று மெலிந்த அந்த உச்சியில் 230 மட்டுமே கொடுத்தது. டர்போவை மாட்டியதும் 356!

அப்படியானால் காருக்கு வர ஏன் 1962 ஆயிற்று? வெப்பம்தான் காரணம். காற்றை அழுத்தினால் சூடாகும். சூடான காற்று இயந்திரத்திற்குள் போனால், பெட்ரோல் நேரம் கெட்டு வெடித்து பிஸ்டனைத் தாக்கும். 'நாக்கிங்' என்கிறோமே, அதுதான். 1962இல் வந்த ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயர் காரில் மூன்றரை லிட்டர் வி8 இயந்திரம், டர்போவுடன் 215 குதிரைத்திறன். ஏற்கெனவே அதன் அழுத்த விகிதம் 10.25. இவ்வளவு அழுத்தத்திற்கு மேல் டர்போ வேறு! எனவே தண்ணீரும் மெத்தனாலும் கலந்த ஒரு திரவத்தை உள்ளே தெளித்துக் குளிரவைத்தார்கள். அதற்குத் தனிப் பாத்திரம். தீர்ந்தால் நிரப்ப வேண்டும். மக்கள் மறந்தார்கள். தீர்ந்ததும் கார் தானாகவே டர்போவை அடக்கிவிடும். வண்டி இழுக்கவில்லை என்று புகார்கள் குவிந்தன. இரண்டே ஆண்டுகளில் உற்பத்தி நின்றது. பின்னர் நிறுவனமே டர்போவைக் கழற்றி, சாதாரண கார்புரேட்டர் மாட்டித் தர முன்வந்தது.

ஜெட்ஃபயர் தடுமாறிய இடத்தில் போர்ஷே பாடம் படித்தது. 1973இல் அவர்களுடைய 917/30 பந்தயக் கார் 1,100 குதிரைத்திறனைத் தொட்டது. அதில் கற்ற முக்கியமான பாடம், அளவுக்கு மிஞ்சிய புகையை டர்போவுக்குப் போகாமல் திருப்பிவிடும் 'வேஸ்ட்கேட்' கதவு. 1974இல் அறிமுகமான 911 டர்போவில் அழுத்த விகிதத்தை 6.5 என்று துணிந்து குறைத்தார்கள். நாக்கிங் அடங்கியது. ஆனால் அதற்கும் கூலி உண்டு. டர்போ விழித்துக்கொள்ளும்வரை கார் மந்தமாக இருக்கும். விழித்ததும் பின்னாலிருந்து யாரோ உதைத்தது போலப் பாயும். அது வளைவின் நடுவில் நேர்ந்தால்? அந்தக் காருக்கு 'விதவையாக்கி' என்ற பட்டப்பெயர் வந்தது சும்மா இல்லை. 1978இல் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரைச் சேர்த்து 300 குதிரைத்திறனாக்கினார்கள்.

இரண்டையும் ஒரே காரில் போட்டால் என்ன? 1985இல் லான்சியா டெல்டா எஸ்4 பந்தயக் காரில் செய்தார்கள். தாழ்ந்த சுழற்சிக்கு சூப்பர்சார்ஜர், உயர்ந்த சுழற்சிக்கு டர்போ. ஃபோக்ஸ்வாகன் 2005இல் அதைச் சாலைக் காருக்கே கொண்டுவந்தது. பழுது பார்ப்பவர் பாடு என்ன ஆகும் என்று நினைத்துக்கொள்ளுங்கள்!

நம் மலேசியாவுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. 1996 முதல் 2017 வரை பிரிட்டனின் லோட்டஸ் நிறுவனம் நம் புரோட்டோன் கையில் இருந்தது. ஒரே குடும்பம், இரண்டு முடிவுகள். பந்தயத் தளத்திற்கு ஏற்ற இலேசான எக்ஸிஜ் எஸ் காருக்கு லோட்டஸ் 2006இல் சூப்பர்சார்ஜரைத் தேர்ந்தது. மிதித்த கணமே பலம் வர வேண்டும், வளைவில் திடீர் உதை கூடாது. 2011இல் ஏழு பேர் அமரும் எக்ஸோரா போல்ட் காருக்கு புரோட்டோன் டர்போவைத் தேர்ந்தது. 150 நியூட்டன் மீட்டராக இருந்த முறுக்கு விசை 205 ஆனது. அதுவும் 2,000 சுழற்சியிலேயே கிடைத்தது. குடும்பத்தை ஏற்றிக்கொண்டு கெந்திங் மலை ஏறுகிறவருக்கு இதுதானே வேண்டும். ஆனால் பழைய இயந்திரத்தில் டர்போவை அப்படியே மாட்டிவிடவில்லை. பிஸ்டனின் ஓட்டத்தைச் சுருக்கி, அழுத்த விகிதத்தைக் குறைத்த பிறகே மாட்டினார்கள். பர்கினுக்கும் இவர்களுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

அந்த இளைஞருக்கு இப்போது சொல்கிறேன். தம்பி, எதில் பவர் அதிகம் என்று கேட்காதீர்கள். உங்கள் இயந்திரத்தின் அழுத்த விகிதம் என்ன என்று முதலில் பாருங்கள். அது 10க்கு மேல் என்றால், எதைப் போட்டாலும் மிதமான அழுத்தத்தோடு நிறுத்துங்கள்; இல்லையேல் பிஸ்டனையும் மாற்றப் பணம் எடுத்து வையுங்கள். நம் ஊர் வெயிலில் இன்டர்கூலர் இல்லாமல் இறங்க வேண்டாம். எரிபொருள் அளவையும் தீப்பொறி நேரத்தையும் அளந்து சரிசெய்யத் தெரிந்த பட்டறையைத் தேடுங்கள். 'ஹாஃப் கட்' கடையில் மலிவாகக் கிடைத்த டர்போ என்பதற்காக மாட்டாதீர்கள். வளைந்த சாலையில் ஓட்டும் இன்பம் வேண்டும், உங்கள் காருக்கென்றே செய்த கருவி கிடைக்கிறது என்றால் சூப்பர்சார்ஜர். நெடுஞ்சாலைப் பயணம் அதிகம், பெட்ரோல் செலவும் பார்க்கிறீர்கள் என்றால் அளவில் சிறிய டர்போ. போக்குவரத்துத் துறையின் அனுமதியையும், காப்புறுதி நிறுவனத்திற்குத் தெரிவிப்பதையும் மறக்க வேண்டாம்.

பிரேக்கைப் பற்றியும் அவரிடம் விசாரிக்க நினைத்தேன். அதற்குள் பாயசம் வந்துவிட்டது.