வளர்ப்புப் பிராணித் துணை

வளர்ப்புப் பிராணித் துணை என்பது உழைப்புக்கோ உணவுக்கோ அல்லாமல், உடனிருப்பதற்காகவே ஒரு விலங்கையோ பறவையையோ வீட்டில் வளர்ப்பதையும், அதனால் மனிதர் பெறும் மன ஆறுதலையும் குறிக்கும். நாய், பூனை, கிளி, முயல், மீன் ஆகியவை பரவலாக வளர்க்கப்படுகின்றன. இவற்றுள் நாயே மிகப் பழைய துணை.

தொல்சான்றுகள்

ஜெர்மனியின் பான் நகரை ஒட்டிய ஓபர்காசெலில், கல்குவாரி வேலையின்போது 1914இல் ஒரு புதைகுழி வெளிப்பட்டது. அதில் ஓர் ஆண், ஒரு பெண் ஆகியோருடன் ஒரு நாய்க்குட்டியும் புதைக்கப்பட்டிருந்தது. புதைகுழியின் வயது ஏறத்தாழ 14,000 ஆண்டுகள். ஏழு மாதம்கூட நிறையாத அக்குட்டி டிஸ்டெம்பர் நோயால் பல வாரங்கள் துன்புற்றதை அதன் பற்களில் உள்ள குறைகள் காட்டுகின்றன. யாரேனும் தண்ணீர் புகட்டி, துடைத்து, கதகதப்பாக வைத்திருந்தாலன்றி அது அத்தனை நாள் பிழைத்திருக்காது. நோயாளிக் குட்டி வேட்டைக்கு உதவாது. ஆகவே அதைப் பேணச் செய்தது பாசமே என ஆய்வாளர்கள் கருதுகின்றனர்.

வட இஸ்ரேலின் ஐன் மல்லாகாவில் சுமார் 12,000 ஆண்டுகளுக்கு முன் புதைக்கப்பட்டவரின் கை, ஒரு நாய்க்குட்டியின் மேல் வைக்கப்பட்டிருந்தது. சைப்ரஸ் தீவில் 9,500 ஆண்டுப் பழமையான மனிதப் புதைகுழிக்கு அருகிலேயே ஒரு பூனை முழுதாகப் புதைக்கப்பட்டிருந்தது. எகிப்தியர் வீட்டுப் பூனை இறந்தால் புருவத்தையும், நாய் இறந்தால் தலையையும் உடலையும் மழித்துத் துக்கம் காத்தனர் என்கிறார் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ்.

தமிழகத்தின் அரிய சான்று திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூர் நடுகல். பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த இக்கல், கருந்தேவக்கத்தி என்ற வீரனோடு அவனுடைய நாய் கோவிவனையும் போற்றுகிறது. வீரன் மாண்டபின் நாய் இரு கள்வரைக் கடித்து, அங்கேயே காத்து நின்றது. நாயின் உருவமும் கல்லில் உண்டு.

மருத்துவத்தில்

மனநோயாளிகளைச் சங்கிலியில் பிணைப்பது வழக்கமாக இருந்த காலத்தில், இங்கிலாந்தின் யார்க் நகரில் வில்லியம் டியூக் நிறுவிய ‘ரிட்ரீட்’ இல்லம் 1796இல் திறக்கப்பட்டது. அதன் முற்றங்களில் முயல்களும் கோழிகளும் கடற்பறவைகளும் விடப்பட்டிருந்தன; நோயாளிகள் அவற்றோடு பழகினர். நெடுநாள் படுக்கையில் கிடப்போருக்குச் சிறு பிராணி நல்ல துணை என்று எழுதிய ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல், ஏதென்ஸில் மீட்ட ஆந்தைக் குஞ்சு ஒன்றைத் தம் சட்டைப் பையில் வைத்தே வளர்த்தவர்.

நியூயார்க் உளவியலாளர் போரிஸ் லெவின்சனிடம் ஒரு நாள் ஒரு சிறுவன் குறித்த நேரத்துக்கு முன்பே அழைத்துவரப்பட்டான். யாரோடும் ஒட்டாத பிள்ளை. அறையில் இருந்த நாய் ஜிங்கிள்ஸ் ஓடிவந்து அவனை நக்க, அவன் விலகாமல் அதைத் தடவிக்கொடுத்தான். பிறகு நாயோடு விளையாடுவதற்காகவே வர விரும்பினான். மருத்துவரோடும் மெல்லப் பழகினான். இதனை 1961இல் லெவின்சன் அறிஞர் அவையில் கூறியபோது சிலர் கேலி செய்தனர். பின்னாளில் விலங்குவழிச் சிகிச்சை வளர்ந்தது இதிலிருந்துதான்.

எரிகா ஃபிரீட்மன் குழு 1980இல் வெளியிட்ட ஆய்வில், இதயநோய்க்காக மருத்துவமனையில் சேர்ந்து திரும்பியோரில் பிராணி வளர்த்த 53 பேரில் மூவரும், வளர்க்காத 39 பேரில் 11 பேரும் ஓராண்டுக்குள் இறந்திருந்தனர். நாய் வளர்த்தோரை நீக்கிக் கணக்கிட்டபோதும் வேறுபாடு நீங்கவில்லை. எனவே பயன் நாயோடு நடப்பதால் மட்டும் வருவதன்று. நாயும் வளர்ப்பவரும் கண்ணோடு கண் நோக்கும்போது இருவரிடமும் பாசப் பிணைப்போடு தொடர்புடைய ஆக்சிடோசின் என்ற ஹார்மோன் கூடுவதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2015இல் காட்டினர். மனிதரால் வளர்க்கப்பட்ட ஓநாய்களிடம் இது காணப்படவில்லை.

இன்றைய நிலை

இந்தியப் பெருநகரங்களில் முதியோர் இல்லங்களுக்கும் சிறப்புப் பள்ளிகளுக்கும் பயிற்சி பெற்ற நாய்கள் அழைத்துச் செல்லப்படுகின்றன. சென்னையில் நாய் வளர்க்க மாநகராட்சி உரிமமும் வெறிநோய்த் தடுப்பூசியும் கட்டாயம்.