கிழிசலை மூடாத தையல்

வீட்டில் பட்டுப் புடவை கிழிந்தால் டார்னிங் கடையில் கொடுப்போம். கறை பட்டால் சலவைக்குப் போடுவோம். அருங்காட்சியகத்தில் உள்ள பழைய உடைக்கு இந்த இரண்டுமே ஆபத்து. லண்டன் கிரீனிச்சில் கடற்படைத் தளபதி நெல்சனின் மேலங்கி இருக்கிறது. 1805-இல் டிரஃபால்கர் போரில் அவர் உயிரைப் பறித்த குண்டு துளைத்த ஓட்டை அதன் இடது தோளில் அப்படியே உள்ளது. இரத்தக் கறையும் உண்டு. கெட்டிக்காரத் தையற்காரர் ஒருவர் அந்த ஓட்டையை மூடினால் சரித்திரமும் சேர்ந்து மூடிப்போகும். எதைத் தொடக்கூடாது என்பதே இத்தொழிலின் முதல் பாடம்.

நான் படித்த பிரெஞ்சு மொழியில் இந்த வேலையைச் செய்பவருக்கு 'ரெஸ்தோரத்தேர்' என்று பெயர். சாப்பாட்டுக் கடை முதலாளிக்கும் அதே சொல்தான்! பெயரில் குழப்பம் இருந்தாலும் படிப்பு கடினமானது.

இதை முறையான படிப்பாக்கியவர்களில் முக்கியமானவர் கேரன் ஃபின்ச். டென்மார்க்கில் பிறந்து, நெசவு கற்று, இங்கிலாந்தில் குடியேறியவர். 1950களில் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் வேலை பார்த்தார். பிறகு தம் வீட்டிலேயே பட்டறை வைத்தார். 1975-இல் ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் துணிப் பாதுகாப்பு மையத்தைத் தொடங்கினார். கோர்ட்டால்ட் கலைக் கழகத்துடன் சேர்ந்து மூன்றாண்டுப் படிப்பு நடந்தது.

அங்கே ஊசி பிடிக்கத் தெரிந்தால் மட்டும் போதாது. நுண்ணோக்கியில் பார்த்து இது பருத்தி, இது பட்டு என்று இழையை அடையாளம் காண வேண்டும். சாயங்களின் வேதியியல் தெரிய வேண்டும். வெளிச்சம் 50 லக்ஸ் அளவைத் தாண்டாமல் பார்க்க வேண்டும். இற்றுப்போன பட்டை லியோன் நகரத்துக் 'கிரெப்பலின்' என்னும் மெல்லிய பட்டுத் துணியால் தாங்கித் தைக்க வேண்டும். பின்னால் ஒருவர் பிரித்தெடுக்கும்படியும் அந்தத் தையல் இருக்க வேண்டும்.

வேதியியல் எதற்கு என்றால், நம் சோழமண்டலக் கரையிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன சித்திரத் துணிகளைப் பாருங்கள். சாயவேரில் தோய்த்த சிவப்பு இன்றும் நிற்கிறது. வெல்லத் தண்ணீரில் இரும்பை ஊறவைத்துத் தீட்டிய கறுப்புக் கோடுகளில்தான் துணி முதலில் இற்று உதிர்கிறது. காரணம் அந்த இரும்பு. இது தெரியாமல் கை வைத்தால் மீதியும் போய்விடும்.

அந்த மையம் 1999-இல் வின்செஸ்டருக்கு மாறி, சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தின் கீழ் வந்தது. பணம் கட்டுப்படியாகவில்லை என்று 2009-இல் பல்கலைக்கழகம் அதை மூடிவிட்டது. நல்லவேளை, 2010-இல் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் படிப்பு மறுபடி தொடங்கியது. இல்லையென்றால் 34 ஆண்டுகளில் சேர்ந்த அனுபவம் சிதறிப்போயிருக்கும்.

1730களில் போலியு என்ற பிரெஞ்சுக் கடற்படைக்காரர் புதுச்சேரியில் துணிக்குச் சித்திரம் தீட்டும் முறையைப் படிப்படியாக எழுதி, ஒவ்வொரு படிக்கும் ஒரு துண்டுத் துணியையும் சேர்த்து வைத்தார். அது பாரிஸில் பத்திரமாக இருக்கிறது. செய்முறையை இப்படி எழுதி வைக்கலாம். எந்த இழை தாங்கும், எது அறும் என்று விரல் நுனியில் உணர்வதை எழுதி வைக்க முடியாது. கற்றவர் பக்கத்தில் உட்கார்ந்துதான் கற்க வேண்டும். அதனால்தான் இத்தகைய பள்ளி ஒன்று மூடப்பட்டால் எனக்குக் கவலை வருகிறது.