மனக்காயத்தை ஆற்றுவது மருந்தா? சொல்லா? – "சொல்லே!"

   

எதிரணித் தலைவர் மாத்திரைப் பட்டியலாப் படிச்சார். அவர் முடிச்சதும் எனக்கே ஒரு தலைவலி மாத்திரை தேவைப்பட்டது. (சிரிப்பு) மருந்து வேண்டாம்னு நான் சொல்லலை. ஆனா மருந்து கொடுக்கிறதுக்கு முன்னாடி நோய்க்கு ஒரு பேர் வேணுமே! அந்தப் பேரே தப்பாப் போனா என்ன ஆகும்? சிப்பாய்களின் சரித்திரத்தைக் கேளுங்கள்.

இதோ, நம்ம ஆவடி. 1965-லேயே விஜயந்தா டாங்கி செய்த ஊர். டாங்கிக்கு இத்தனை அங்குலம் இரும்புத் தகடுன்னு கணக்குப் போட்டுடலாம். உள்ளே உட்கார்ற பிள்ளையோட மனசுக்கு எத்தனை அங்குலம் போடுவீங்க? (கைதட்டல்)

அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்தது 1865-ல். சிப்பாய்களுக்கு உடம்பில் காயமில்லை. நெஞ்சு மட்டும் படபடக்கிறது, மூச்சு வாங்குகிறது. 1871-ல் டா கோஸ்டா என்ற மருத்துவர் இதை 'எரிச்சலுற்ற இதயம்' என்று எழுதினார். மனசு பட்ட பாட்டுக்குப் பழி இதயத்தின் மேலே!

அடுத்து முதல் உலகப்போர். கை நடுங்குது, பேச்சு நின்னு போகுது. 'ஷெல் ஷாக்'னு சிப்பாய்கள் சொன்னாங்க. 1915-ல் சார்லஸ் மையர்ஸ் என்ற மருத்துவர் 'லான்செட்' இதழில் அந்தப் பேரிலேயே எழுதினார். ஆனா பக்கத்துல குண்டே விழாதவனுக்கும் அதே நடுக்கம்! 1917-ல் பிரிட்டிஷ் ராணுவம் உத்தரவு போட்டது: 'ஷெல் ஷாக்' என்று எழுதாதே. கரண்ட் பில்லைக் கிழிச்சா மீட்டர் நின்னுடுமா ஐயா? (சிரிப்பு)

சிரிச்சாச்சு. இனி சிரிக்க முடியாது. ஹாரி ஃபார் என்று ஒரு சிப்பாய். 1915-ல் ஷெல் ஷாக் என்று ஐந்து மாதம் மருத்துவமனையில் கிடந்தார். கை நடுக்கத்தால் மனைவிக்குக் கடிதம்கூட நர்ஸ்தான் எழுதிக் கொடுத்தார். மறுபடி போர்முனைக்கு அனுப்பினார்கள். 1916 செப்டம்பரில், 'என்னால் முடியவில்லை' என்று நின்றுவிட்டார். ராணுவ நீதிமன்றம் 'கோழைத்தனம்' என்றது. அக்டோபர் 18 விடியற்காலையில், தன் நாட்டுச் சிப்பாய்களின் துப்பாக்கிக்கே இரையானார். வயது 25.

அதே மனிதன். அதே நடுக்கம். ஒரு தாளில் 'ஷெல் ஷாக்'. அது படுக்கை கொடுத்தது. இன்னொரு தாளில் 'கோழை'. அது குண்டு கொடுத்தது. ஃபார் உட்பட 306 பேருக்கு பிரிட்டன் மன்னிப்பு அளித்தது 2006-ல். தொண்ணூறு வருஷம் அந்தக் குடும்பம் 'கோழை' என்ற சொல்லைச் சுமந்ததே, அதற்கு எந்தக் கடையில் மாத்திரை இருக்கிறது? (கைதட்டல்)

இன்னொரு மனிதரைச் சொல்கிறேன். 1901-ல் நம் நீலகிரிக்கு வந்து, தோடர்களோடு பழகி, 1906-ல் அவர்களைப் பற்றிப் பெரிய நூல் எழுதியவர் டாக்டர் ரிவர்ஸ். போர்க்காலத்தில் ஸ்காட்லாந்தின் கிரெய்க்லாக்கார்ட் மருத்துவமனையில் சிகிச்சை அளித்தார். மற்றவர்கள் 'மறந்துவிடு' என்றார்கள். 'மறக்கப் போராடுவதே நோயைக் கூட்டுகிறது. பேசு, நான் கேட்கிறேன்' என்பது ரிவர்ஸ் கண்ட வழி. ஆனால் அது அதிகாரிகளுக்கான மருத்துவமனை. சாதாரணச் சிப்பாய் ஃபாருக்கு அந்த நாற்காலி கிடைக்கவில்லை.

வியட்நாம் போரிலிருந்து திரும்பியவர்கள் குரல் எழுப்பிய பிறகு, 1980-ல் அமெரிக்க மனநல மருத்துவர்கள் தங்கள் கையேட்டில் பி.டி.எஸ்.டி. என்ற பேரைச் சேர்த்தார்கள். அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்த நோய். 'குறை உன் குணத்தில் இல்லை, நீ பட்டதில் இருக்கிறது' என்று அந்தப் பேரே சொல்கிறது.

போரை வாசலில் பார்த்த ஈழத்தமிழர்கள் இதற்கு 'மனவடு' என்கிறார்கள். புண்ணையும் வடுவையும் பிரித்துக் காட்டியவர் வள்ளுவர். நாக்கு சுட்ட வடு ஆறாது என்று எச்சரித்தவரும் அவரே. சண்டை தந்தது புண். ஊர் நாக்கு 'கோழை'ன்னு சொன்னா அதுதான் வடு!

தாய்மார்களே, உங்க தெருவிலும் பட்டாளத்திலிருந்து திரும்பிய ஒரு பிள்ளை இருப்பான். பட்டாசுச் சத்தத்துக்கு அவன் திடுக்கிட்டால், 'பட்டாளத்தானுக்கு இவ்வளவு பயமா?' என்று கேட்காதீர்கள். 'உட்காருப்பா, என்ன செய்யுது?' என்று கேளுங்கள். அந்த ஒரு சொல்தான் அவனை மருத்துவரிடமே கூட்டிப்போகும். ஆகவே நடுவர் அவர்களே, மருந்துக்கும் வாசல் திறப்பது சொல்லே, சொல்லே என்று கூறி விடைபெறுகிறேன்.  (பலத்த கைதட்டல்)