க்விட்கிளெய்ம்: உரிமையைத் துறக்கும் ஒரு பத்திரத்தின் கதை

நிலம் கைமாறும் பத்திரங்களில் பெரும்பாலானவை ஓர் உறுதிமொழியைச் சுமந்து வருபவை. கிரயப் பத்திரம் எழுதிக்கொடுப்பவர், சொத்து தமக்கே பாத்தியப்பட்டது என்றும், வில்லங்கம் ஏதுமில்லை என்றும், பின்னாளில் ஏதேனும் தெரியவந்தால் தாமே பொறுப்பு என்றும் எழுதித் தருகிறார். அமெரிக்கக் குடும்பங்களில் பரவலாகப் புழங்கும் க்விட்கிளெய்ம் பத்திரத்தில் இந்த உறுதிமொழி கிடையாது. இச்சொத்தில் எனக்கு ஏதேனும் உரிமை இருக்குமானால் அதை இன்னாருக்கு விட்டுவிடுகிறேன் என்பதோடு அது நின்றுவிடுகிறது. அந்த உரிமை உண்மையிலேயே இருக்கிறதா, இருந்தால் எவ்வளவு என்பது பற்றி அது வாய்திறப்பதில்லை. பெற்றோர் விட்டுச்சென்ற வீட்டில் தன் பங்கைத் தம்பிக்கு விட்டுத்தரும் அக்காளும், மணமுறிவுக்குப்பின் வீட்டை மனைவியிடம் ஒப்படைக்கும் கணவனும் அங்கே கையெழுத்திடுவது இதில்தான். நம் சார்பதிவாளர் அலுவலகங்களில் விடுதலைப் பத்திரம் என்று வழங்குவதற்கு இது நெருங்கிய உறவு. சட்டவடிவம் என்ற அளவில் இரண்டின் வேரும் ஆங்கிலப் பொதுச்சட்டத்தில் இருக்கிறது.

சொல்லின் வேர் இன்னும் பழையது. லத்தீனில் 'குயேட்டுஸ்' என்றால் அமைதியான, கடப்பாட்டிலிருந்து நீங்கிய என்று பொருள். ஒருவரை அல்லது ஒரு நிலத்தை அப்படி நீங்கியதாக அறிவிப்பதே பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து 'க்விட்கிளெய்ம்' ஆயிற்று. இப்பெயர் தாங்கிய ஆவணங்களில் வரலாற்று மாணவர் நன்கறிந்த ஒன்று 1189ஆம் ஆண்டு டிசம்பரில் கேன்டர்பரியில் எழுதப்பட்டது. 1174இல் சிறைபிடிக்கப்பட்ட ஸ்காட்லாந்து அரசர் வில்லியம், ஃபலேஸ் உடன்படிக்கையின்படி தம் நாட்டையே இங்கிலாந்து அரசருக்குக் கீழ்ப்படுத்த நேர்ந்தது. பதினைந்து ஆண்டுகள் கழித்துச் சிலுவைப்போருக்குப் பணம் தேடிக்கொண்டிருந்த முதலாம் ரிச்சர்டு, 10,000 மார்க் வெள்ளியைப் பெற்றுக்கொண்டு அந்த மேலுரிமையைக் கைவிட்டார். ஒரு நாட்டின் மீதான அதிகாரத்தை விடுவித்த அதே சட்ட வடிவம்தான் பின்னர் வயல்களுக்கும் வீடுகளுக்கும் பயன்பட்டது.

குடும்பச் சொத்துக்கு அது ஏன் இத்தனை பொருந்திப்போயிற்று என்பதற்கு விடை, அக்கால நிலமாற்ற முறையில் இருக்கிறது. நிலத்தை அந்நியருக்குக் கொடுக்க வேண்டுமானால் அந்நிலத்திற்கே சென்று, சாட்சிகள் முன்னிலையில் ஒரு மண்கட்டியையோ மரக்கிளையையோ எடுத்து அவர் கையில் தரவேண்டும். ஏற்கெனவே நிலத்தில் இருப்பவருக்கு, அதாவது கூட்டாக உரிமை உள்ளவருக்கு, இந்தச் சடங்கு தேவையில்லை. மற்றவர் தம் உரிமையை விட்டதாக எழுதித் தந்தால் போதும். 18ஆம் நூற்றாண்டின் சட்ட ஆசிரியர் பிளாக்ஸ்டன் இதை விளக்கும்போது, 'கோபார்சனர்' எனப்பட்ட இரு கூட்டு வாரிசுகளில் ஒருத்தி தன் உரிமையை மற்றவளுக்கு விடுவதை எடுத்துக்காட்டாகத் தருகிறார். அவர் பெண்பாலில் எழுதியது தற்செயல் அன்று. ஆங்கிலப் பொதுச்சட்டத்தில் மகன் இருந்தால் மூத்த மகனுக்கே நிலம். மகன் இல்லாதபோது மகள்கள் அனைவரும் கூட்டாக அடைந்தனர். ஆகவே அங்கே கோபார்சனர் என்ற சொல் பெரும்பாலும் சகோதரிகளையே குறித்தது. இச்சொல்லை நாம் நினைவில் வைத்துக்கொள்வோம். நம்மூரில் அது வேறொரு வேடத்தில் வரும்.

பெண்கள் கையெழுத்திட்ட இன்னொரு வகை விடுதலையும் உண்டு. கணவன் இறந்தால் அவன் நிலத்தில் மூன்றிலொரு பங்கை ஆயுள்வரை அனுபவிக்கும் உரிமை மனைவிக்கு இருந்தது. கணவன் நிலத்தை விற்றாலும் இவ்வுரிமை அந்நிலத்தோடு ஒட்டிக்கொண்டே செல்லும். எனவே வாங்குபவர் மனைவியின் விடுதலையையும் எழுதி வாங்க விரும்பினார். அதை அவள் மனமுவந்து தருகிறாளா, கணவனுக்கு அஞ்சித் தருகிறாளா? இக்கேள்வியைச் சட்டம் கண்டுகொள்ளாமல் விடவில்லை. இங்கிலாந்தின் நீதிமன்றங்களிலும், பின்னர் அமெரிக்கக் குடியேற்றங்கள் பலவற்றிலும், நீதி அலுவலர் மனைவியைக் கணவனிடமிருந்து தனியே அழைத்துச் சென்று விசாரித்தார். பெண்ணைத் தன்னறிவு குன்றியவளாக நடத்திய முறை என்று பின்னாளில் அது கைவிடப்பட்டது. அந்தக் குற்றச்சாட்டு நியாயமானதே. ஆயினும் வீட்டுக்குள் நடக்கும் விட்டுக்கொடுத்தல்களில் வற்புறுத்தல் ஒளிந்திருக்கக்கூடும் என்பதை ஒரு பழைய சட்டம் ஒப்புக்கொண்டிருந்தது என்பதும் உண்மை.

அமெரிக்காவில் க்விட்கிளெய்ம் இன்று எளிய ஒற்றைத்தாள் ஆவணமாகிவிட்டது. அதன் எளிமையே அதன் ஆபத்தும். எழுதிக்கொடுத்தவருக்கு உண்மையில் பங்கே இல்லையென்று தெரியவந்தாலும் பெற்றவர் அவர்மேல் வழக்காட இடமில்லை. வீட்டின்மேல் கடன் இருந்தால், பங்கை விட்டவர் வீட்டை இழக்கிறாரேயன்றிக் கடனை இழப்பதில்லை. வங்கி அவர் கையெழுத்தைத் தொடர்ந்து நினைவில் வைத்திருக்கும். ஒருவரை ஒருவர் அறிந்தவர்களிடையே மட்டுமே இப்பத்திரம் பொருளுள்ளது. அந்நியர் கையில் அது என்னவாகும் என்பதைத் தென்மாநிலங்களின் கறுப்பினக் குடும்பங்கள் அறியும்.

அடிமைமுறை 1865இல் ஒழிந்தபின் விடுதலை பெற்றோர் சிறுகச் சிறுகச் சேர்த்து நிலம் வாங்கினர். 1910 அளவில் அவர்களிடம் இருந்த நிலம் ஏறத்தாழ 1.5 கோடி ஏக்கர் என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. நீதிமன்றத்தையும் வழக்கறிஞரையும் நம்ப முடியாத சூழலில் பலர் உயில் எழுதாமலே இறந்தனர். நிலம் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் பிரிபடாத பங்குகளாக இறங்கிக்கொண்டே வந்தது. இப்படிப்பட்ட பங்கை வாங்குவதற்கு க்விட்கிளெய்ம் வசதியான கருவி. அந்த மண்ணையே பார்த்திராத, தொலைநகரில் வாழும் ஒரு பேரன் சிறுதொகைக்குத் தன் பங்கை எழுதிக்கொடுத்தால் போதும், வாங்கியவர் கூட்டு உரிமையாளர் ஆகிவிடுவார். பிறகு அவர் பாகப்பிரிவினை கோரி வழக்குத் தொடுப்பார். பங்குகள் மிகுதியாகையால் நிலத்தைப் பிரிக்க இயலாது என்று நீதிமன்றம் முழுவதையும் ஏலத்துக்கு விடும். தலைமுறைகளாக அங்கே உழுது குடியிருந்தவர்கள் ஏலத்தில் போட்டியிடப் பணமின்றி வெளியேறுவார்கள். தென் கரோலினாவின் ஹில்டன் ஹெட் தீவுக்கு 1956இல் பாலம் வந்து, உல்லாச விடுதிகள் பெருகத் தொடங்கியபின் கல்லா இனத்தவரின் குடும்ப நிலங்கள் இவ்வகை நெருக்கடிக்கு உள்ளாயின.

இதற்கு மாற்றாக 2010இல் ஒரு மாதிரிச் சட்டம் வகுக்கப்பட்டது. இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் இதுவரை அதை ஏற்றுள்ளன. தென் கரோலினா 2016இல் ஏற்றபோது, முந்தைய ஆண்டு சார்ல்ஸ்டன் தேவாலயத்தில் சுட்டுக்கொல்லப்பட்ட கிளெமென்டா பிங்க்னியின் பெயரை அதற்குச் சூட்டியது. விற்பனை கோருபவரின் பங்கை முதலில் மதிப்பிட்டு, மற்றக் குடும்பத்தினரே வாங்கிக்கொள்ள வாய்ப்புத் தரவேண்டும் என்பது அதன் சாரம். இந்தியப் பாகப்பிரிவினைச் சட்டம் இதையொத்த ஒரு பாதுகாப்பைக் கூட்டுக்குடும்பத்தின் குடியிருப்பு வீட்டுக்கு 1893லேயே அளித்துவிட்டது என்பதை இங்கே குறிப்பிட வேண்டும். பங்கை வாங்கிய வெளியார் பிரிவினை கேட்டு வந்தால், மதிப்பிட்ட விலைக்கு அதைக் குடும்பத்தாரே வாங்கிவிடலாம்.

இனி அந்தப் பழைய சொல்லுக்குத் திரும்புவோம். இந்துக் கூட்டுக்குடும்பத்தை ஆங்கிலச் சொற்களில் விளக்க முற்பட்ட 19ஆம் நூற்றாண்டுச் சட்ட அறிஞர்கள், மிதாக்ஷரப் பங்காளிகளுக்கு 'கோபார்சனர்' என்றே பெயரிட்டனர். அங்கே சகோதரிகளைக் குறித்த சொல் இங்கே தந்தை, மகன், பேரன் என்ற ஆண்வழியை மட்டும் குறிப்பதாயிற்று. மகளுக்கு அதில் இடமில்லை. தமிழ்நாடு 1989இல் கொண்டுவந்த திருத்தம், அதுவரை மணமாகாதிருந்த மகள்களை அதனுள் சேர்த்தது. 2005இல் மத்தியச் சட்டம் எல்லா மகள்களையும் சேர்த்தது. 2020ஆம் ஆண்டு ஆகஸ்டில் உச்சநீதிமன்றம், அவ்வுரிமை பிறப்பால் வருவது, 2005இல் தந்தை உயிரோடு இருந்திருக்கவேண்டிய அவசியமில்லை என்று தெளிவாக்கியது. சொல் நீண்ட பயணத்துக்குப்பின் சகோதரிகளிடம் வந்துசேர்ந்தது.

வந்துசேர்ந்த உரிமை விடுதலைப் பத்திரம் வழியாக மீண்டும் வெளியேறுவதையும் நாம் நம் குடும்பங்களில் காண்கிறோம். படிக்கவைத்தாயிற்று, நகை போட்டாயிற்று, சீர் செய்தாயிற்று, ஒரு கையெழுத்துத்தானே என்று அண்ணன் கேட்கிறார். பிறந்தவீட்டு வாசல் அடைபடுமோ என்ற அச்சத்தில் தங்கை இடுகிறாள். மனம் நிறைந்து, தம்பியின் வறுமை கண்டு விட்டுக்கொடுப்பவர்களும் உண்டு. அவர்களை நாம் குறைத்துச் சொல்லவில்லை. சார்பதிவாளர் முன்னிலையில் இவ்விரு பெண்களின் கையெழுத்தும் ஒன்றுபோலவே இருக்கும். எழுதிக்கொடுத்தது நீங்கள்தானா என்று அவர் கேட்பார். ஆம் என்று இருவரும் சொல்வார்கள். தனியே அழைத்துச் சென்று கேட்ட அந்தப் பழைய கேள்வியைச் சட்டம் இன்று கேட்பதில்லை. பத்திரம் எழுதப்படும் முன், வீட்டுக்குள்ளேயே, அதைக் கேட்டாக வேண்டியவர்கள் அண்ணன்களும் தம்பிகளும்தாம்.