தோர்னியோ ஆற்றங்கரை முக்கோணங்கள்

ஆவாசாக்ஸா ஒன்றும் பெரிய மலையல்ல. உயரம் 242 மீட்டர்தான். ஃபின்லாந்தின் வடக்கே, ஆர்க்டிக் வட்டத்துக்குச் சற்றுத் தெற்கில், தோர்னியோ ஆற்றை ஒட்டி நிற்கிறது. அக்கரையில் ஸ்வீடன். கோடையின் உச்சத்தில் நள்ளிரவுச் சூரியனைப் பார்க்க மக்கள் இன்றும் இதன்மேல் ஏறுகிறார்கள். பூமியை அளக்க வந்தவர்களும் ஏறியிருக்கிறார்கள். 1736இல் பிரெஞ்சுக்காரர்கள், அதற்கு ஏறத்தாழ நூறாண்டு கழித்து ரஷ்யப் பேரரசின் வானியலாளர்கள். எந்த அரசும் தன் எல்லைக்குள் மட்டும் நின்றுகொண்டு பூமியை அளந்துவிட முடியாது என்பதை இந்த ஆற்றங்கரையின் வரலாறு மூன்று நூற்றாண்டுகளாகக் காட்டிவருகிறது.

பிரெஞ்சுக்காரர்கள் வந்தது ஒரு வழக்கைத் தீர்க்க. சுழலும் பூமி நடுவில் பருத்து துருவங்களில் தட்டையாக இருக்க வேண்டும் என்றார் நியூட்டன். பாரிஸ் வானாய்வகத்தின் காசினி குடும்பத்தாரோ, பிரான்சுக்குள் எடுத்த அளவுகளைக் காட்டி, பூமி துருவங்களின் பக்கம் நீண்டிருக்கிறது என்றார்கள். சோதிக்க வழி உண்டு. அட்சரேகையில் ஒரு பாகை வித்தியாசம் வர, வடக்கு நோக்கி எவ்வளவு தூரம் போக வேண்டும் என்று நிலநடுக்கோட்டின் அருகிலும் துருவத்தின் அருகிலும் அளந்து ஒப்பிட்டால் போதும். பூமி துருவத்தில் தட்டையாக இருந்தால் வடக்கே அந்தத் தூரம் கூடுதலாக வரும். நிலநடுக்கோட்டுக்கு அருகே ஒரு பாகைக்கு சுமார் 110.6 கிலோமீட்டர், துருவத்துக்கு அருகே 111.7 என்பது இன்றைய கணக்கு. ஒரு கிலோமீட்டர் சொச்சம்தான் வித்தியாசம். அதற்காக ஒரு குழு இன்றைய எக்குவடோர் மலைகளுக்குப் போனது. மோபெர்த்யூயின் தலைமையில் இன்னொரு குழு தோர்னியோவுக்கு வந்தது.

அந்தக் குழுவில் ஆண்டர்ஸ் செல்சியஸ் இருந்தார். வெப்பமானியால் உலகம் அறிந்த அதே செல்சியஸ். உப்சாலாவின் பேராசிரியர். கருவிகள் வாங்க லண்டன்வரை போய் வந்தவரும் அவரே. ஆறும் காடும் அன்று ஸ்வீடன் அரசருடையவை. மரம் வெட்டவும் படகு வலிக்கவும் அரசரின் படைவீரர்கள் வந்தார்கள். மலையுச்சிகளில் மரங்களைச் சாய்த்துப் பார்வைக்கு வழி திறந்தார்கள். வெட்டிய மரங்களின் பட்டையை உரித்து, கூம்பாகச் சாய்த்துக் கட்டினார்கள். பட்டை உரிந்த மரம் வெயிலில் வெள்ளையாக மின்னும். பல மைல் தொலைவிலிருந்தும் கண்ணில் படும். கோடை முழுதும் கொசுக்கடி. புகை மூட்டத்துக்குள் உட்கார்ந்துகொண்டுதான் கோணங்களைக் குறித்தார்கள்.

கோணங்கள் மட்டும் கிடைத்தால் முக்கோணத்தின் வடிவம் தெரியும், அளவு தெரியாது. ஏதாவது ஒரு பக்கத்தைத் தரையில் கோல் வைத்து அளந்தாக வேண்டும். அந்தக் கோட்டுக்கு அடிக்கோடு என்று பெயர். காடும் மேடுமான இந்த நாட்டில் சமதளத்துக்கு எங்கே போவது? ஆறு உறையட்டும் என்று காத்திருந்தார்கள். 1736 டிசம்பரில், பகல் வெளிச்சம் சில மணி நேரமே கிடைக்கும் நாட்களில், ஆற்றுப் பனியின்மேல் 14 கிலோமீட்டருக்கும் அதிகமான தூரத்தை ஊசியிலை மரக் கோல்களை முனையோடு முனை வைத்து அளந்தார்கள். இரண்டு அணிகள் தனித்தனியாக அளந்தன. இரண்டு கணக்குக்கும் வித்தியாசம் நான்கு அங்குலம். குடிக்கக் கொண்டுபோனவற்றில் பிராந்தி ஒன்றுதான் உறையாமல் இருந்தது. அதன் கோப்பையும் உதட்டோடு ஒட்டிக்கொண்டது.

நியூட்டன் சொன்னதே சரி என்று தீர்ப்பு வந்தது. ஆனால் 1801 முதல் 1803 வரை ஸ்வீடன் அறிவியல் அகாதமி அனுப்பிய யோன்ஸ் ஸ்வான்பெரி மீண்டும் அளந்தபோது, மோபெர்த்யூயின் பாகை சில நூறு மீட்டர் நீளமாகிவிட்டது தெரிந்தது. முடிவு சரி, எண் தவறு. நட்சத்திரங்களைப் பார்த்து அட்சரேகையைக் கணிப்பதில் வரும் சின்னப் பிழைகூட ஒரு பாகை நீளமுள்ள குட்டை வில்லில் (வடக்கு தெற்காக அளந்த கோட்டில்) பெரிதாகத் தெரியும். நீண்ட வில்லில் அதே பிழை கரைந்துபோகும். ஆகவே வில் நீள வேண்டும். நீண்டால் நாடுகளின் எல்லையைத் தாண்டாமல் இருக்க முடியாது.

1809இல் ஃபின்லாந்து ஸ்வீடனின் கையைவிட்டு ரஷ்யாவுக்குப் போனது. தோர்னியோ ஆறு எல்லையாயிற்று. அந்தச் சமயத்தில் தெற்கே, இன்றைய எஸ்தோனியாவின் தார்த்து நகரில், ஓர் இளைஞர் படித்துக்கொண்டிருந்தார். பிரீட்ரிக் கியோர்க் வில்ஹெல்ம் ஸ்ட்ரூவே 1793இல் ஹாம்பர்க்கை ஒட்டிய ஆல்டோனாவில் பிறந்தவர். நெப்போலியன் படைக்கு ஆள் பிடிப்பவர்களிடமிருந்து தப்பி பால்டிக் கரைக்கு வந்தவர். 1816இல் லிவோனியா மாகாணத்தின் நில வரைபடத்துக்காக முக்கோணங்கள் கட்டத் தொடங்கினார். அதே ஆண்டில் இன்னும் தெற்கே, வில்னியஸ் பகுதியில், கார்ல் டென்னர் என்ற ராணுவ அதிகாரி தன் வேலையைத் தொடங்கியிருந்தார். ஒருவர் பல்கலைக்கழக வானியலாளர், இன்னொருவர் படைத்துறைக்காரர். இருவரின் முக்கோணங்களும் இன்றைய லாத்வியாவின் யேகப்பில்ஸ் அருகே சந்தித்தன. இரண்டு பேர் தனித்தனிக் கோல்களால் அளந்த முக்கோணச் சங்கிலிகளை அப்படியே கோத்துவிட முடியாது. முதலில் கோல்களை ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டும். பிறகு இரு பக்கத்துக்கும் பொதுவான ஒரு முக்கோணப் பக்கத்தின் நீளம் இரண்டு கணக்கிலும் ஒத்துவருகிறதா என்று பார்க்க வேண்டும். பூமி அளவையில் கூட்டுறவு என்பதன் அன்றாட வேலை இதுதான். ஒப்பந்தத்தில் கையெழுத்து விழுவதைவிட இதற்கு அதிகக் காலம் பிடிக்கும், பொறுமையும் அதிகம் வேண்டும்.

டென்னரின் சங்கிலி தெற்கே தன்யூப் ஆற்றங்கரைவரை இறங்கியது. ஸ்ட்ரூவேயின் சங்கிலி ஃபின்லாந்து வளைகுடாவின் ஒரு தீவு வழியாகக் கடலைத் தாண்டி தோர்னியோவுக்கு ஏறியது. ஆற்றுக்கு அப்பால் வேறொரு அரசு. அன்று ஸ்வீடனும் நார்வேயும் ஒரே முடியின் கீழ் இருந்தன. அரசர் முதலாம் ஆஸ்கார் இசைந்தார். ஸ்வீடன் பகுதியை ஸ்டாக்ஹோம் வானாய்வகத்தின் செலாண்டரும், நார்வே பகுதியைக் கிறிஸ்டியானியா, அதாவது இன்றைய ஓஸ்லோவின் பேராசிரியர் ஹான்ஸ்டேனும் ஏற்றார்கள். ஆவாசாக்ஸாவில் மறுபடியும் குறி வைக்கப்பட்டது. ஆலாதோர்னியோ தேவாலயம் ஒரு நிலையப் புள்ளியானது. சங்கிலியின் பெரும்பாலான புள்ளிகள் பாறையில் துளைத்த குழியும் கற்குவியலுமாக இருக்க, இங்கே ஒரு தேவாலயம் அந்த வேலையைச் செய்தது.

சங்கிலியின் வடமுனை, ஆர்க்டிக் கடலோரத்து ஹாமர்ஃபெஸ்ட் நகரின் ஃபுக்லெனெஸ். 1854இல் அங்கே ஒரு தூண் எழுப்பினார்கள். மூன்று தேசத்து அளவையாளர்கள் சேர்ந்து முடித்த வேலை என்று லத்தீனிலும் நார்வேஜிய மொழியிலும் அதில் பொறித்திருக்கிறது. தென்முனை இன்றைய உக்ரைனில், இஸ்மாயில் நகருக்கு அருகே உள்ள ஸ்தாரா நெக்ராசிவ்கா. நீளம் 2,820 கிலோமீட்டர். 258 முக்கிய முக்கோணங்கள், 265 முக்கிய நிலையங்கள். அட்சரேகையில் 25 பாகை 20 கலை.

தமிழ் வாசகர்களுக்கு இதில் ஓர் உறவுண்டு. 1802இல் பரங்கிமலை அருகே அளவையாளர் லாம்டன் அளந்த அடிக்கோட்டிலிருந்து தொடங்கி, கன்னியாகுமரிப் பக்கத்திலிருந்து இமய அடிவாரம்வரை நீண்ட இந்திய வில்லும், இந்த ரஷ்ய-ஸ்காண்டிநேவிய வில்லும் 19ஆம் நூற்றாண்டின் இரு பெரும் அளவைகள். ஆங்கிலேயர் அலெக்சாண்டர் ராஸ் கிளார்க் 1866இல் பூமியின் வடிவத்தைக் கணக்கிட்டபோது இரண்டையும் சேர்த்தே பயன்படுத்தினார். அந்த வடிவத்தை வைத்துத்தான் வட அமெரிக்காவின் வரைபடங்கள் நெடுங்காலம் வரையப்பட்டன.

ஸ்ட்ரூவே செய்தது ஒரே ஒரு வில். அதை நிலையான அமைப்பாக்கியவர் பிரஷ்யத் தளபதி யோஹான் யாக்கோப் பாயர். இளமையில் வானியலாளர் பெசலுடன் சேர்ந்து கிழக்குப் பிரஷ்யாவின் முக்கோணங்களை ரஷ்யச் சங்கிலியோடு இணைத்தவர். 1861இல், அறுபது வயதைத் தாண்டிய பிறகு, மத்திய ஐரோப்பிய நாடுகள் தங்கள் அளவைகளைக் கோத்துக்கொள்ள வேண்டும் என்று திட்டம் முன்வைத்தார். 1862இல் பிரஷ்யா, ஆஸ்திரியா, சாக்சனி மூன்றும் பெர்லினில் கூடின. நான்கே ஆண்டுகளில் பிரஷ்யா ஒரு பக்கமும் ஆஸ்திரியாவும் சாக்சனியும் எதிர்ப்பக்கமுமாகப் போரிட்டன; அப்போது உருவான அளவைச் சங்கம் கலையவில்லை. 1867இல் அது ஐரோப்பிய அமைப்பாக விரிந்து, எல்லோருக்கும் பொதுவான ஒரு மூல மீட்டர் வேண்டும் என்று கேட்டது. 1875இன் மீட்டர் உடன்படிக்கைக்கு அந்தக் கோரிக்கையும் வழி திறந்தது. இன்றைய சர்வதேசப் புவியளவியல் சங்கம் தன் பிறந்த ஆண்டாக 1862ஐத்தான் சொல்கிறது.

முதல் உலகப் போர் அந்தச் சங்கத்தைச் சிதைத்தது. 1919இல் புதிய சர்வதேச ஒன்றியம் அமைந்தபோது தோற்ற நாடுகளுக்கு உள்ளே இடமில்லை. பால்டிக் கடலைச் சுற்றிப் புதிய நாடுகள் முளைத்திருந்தன. ஒவ்வொன்றும் தனித்தனியாக வரைபடம் போட்டால் கடலின் இரு கரைகளும் ஒன்றோடொன்று பொருந்தாது. 1924இல் ஃபின்லாந்துப் புவியளவியல் நிறுவனத்தின் இயக்குநர் இல்மாரி பொன்ஸ்டார்ஃப் அந்த நாடுகளை ஹெல்சிங்கிக்கு அழைத்தார். அங்கிருந்து வளர்ந்த பால்டிக் புவியளவியல் ஆணையத்தில் எஸ்தோனியாவும் லாத்வியாவும் போலந்தும் ஸ்வீடனும் மட்டுமல்ல, உலக ஒன்றியத்துக்கு வெளியே நிறுத்தப்பட்ட ஜெர்மனியும் உட்கார்ந்தது; பிறகு சோவியத் ஒன்றியமும் வந்தது. கடலைச் சுற்றி முக்கோணங்களால் ஒரு வளையம் கட்டுவது அவர்கள் திட்டம். அந்தப் பத்தாண்டுகளின் அரசியலை நினைத்தால், இத்தனை பேரையும் ஒரே மேசைக்குக் கொண்டுவந்தது பெரிய சாதனை. இரண்டாம் உலகப் போர் அந்த ஆணையத்தை முடித்துவிட்டது.

வேலை முடியவில்லை. பொன்ஸ்டார்ஃபின் நிறுவனத்தோடு தொடர்புடைய இயற்பியலாளர் ஊர்யோ வைசாலா, ஒளியைக் கொண்டே நீளத்தைப் பெருக்கும் முறையைக் கண்டுபிடித்திருந்தார். ஒரு மீட்டர் குவார்ட்ஸ் கோலை எடுத்துக்கொள்வார். கண்ணாடிகளுக்கு நடுவே ஒளியைப் பலமுறை எதிரொளிக்க விடுவார். இரண்டு ஒளிப்பாதைகளின் நீளம் துல்லியமாகச் சமமாகும்போதுதான் வண்ணப் பட்டைகள் தோன்றும். அதை வைத்து ஒன்றை ஆறாக்கி, பின் 24, 72, 216, 432, 864 மீட்டர் என்று ஏற்றுவார். ஹெல்சிங்கிக்கு வடமேற்கே நும்மெலா காட்டில் உள்ள 864 மீட்டர் அடிக்கோடு 1947 முதல் இப்படி அளக்கப்படுகிறது. பல பத்தாண்டுகளில் அதன் நீளம் ஒரு மில்லிமீட்டர்கூட மாறவில்லை. பிற நாடுகள் தங்கள் அளவுக் கருவிகளை இதோடு ஒப்பிட்டுச் சரிபார்த்துக்கொண்டன.

1953இல் டென்மார்க், ஃபின்லாந்து, ஐஸ்லாந்து, நார்வே, ஸ்வீடன் சேர்ந்து நார்டிக் புவியளவியல் ஆணையத்தை அமைத்தன. ஒரு நாடு தனியாகத் தீர்க்க முடியாத கேள்வி இவர்களுக்கு வீட்டு வாசலிலேயே இருந்தது. தரை உயர்ந்துகொண்டிருக்கிறது. பனியுகத்தில் கிலோமீட்டர் கணக்கில் தடித்திருந்த பனிப்பாளம் அமுக்கிவைத்த நிலம், பனி உருகி ஏறத்தாழ பத்தாயிரம் ஆண்டுகளாகியும் மேலெழுகிறது. பாத்னியா வளைகுடாவில் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவு. 1621இல் உருவான லூலியோ நகரை, துறைமுகத்தில் தண்ணீர் வற்றியதால் 1649இலேயே கடலை நோக்கி இடம் மாற்ற வேண்டியிருந்தது. செல்சியஸ் 1731இல் யேவ்லே அருகே ஒரு தீவுப் பாறையில் நீர்மட்டத்தைக் கோடாகக் கீறிவைத்தார். கடல் வற்றுகிறது என்று அவர் நினைத்தார். உயர்ந்தது தரை. அந்தக் கோடு இன்று தண்ணீருக்கு மேலே வெகு உயரத்தில் நிற்கிறது.

உயர்வது எப்படி என்ற கேள்விக்கு விடை தேடி, 1966 முதல் நார்வேயின் வோக்ஸ்த்ராண்டாவிலிருந்து ஸ்வீடன் வழியாக ஃபின்லாந்தின் யோயென்சூவரை, 63ஆம் அட்சரேகையை ஒட்டி ஈர்ப்பு விசையை அளந்துவந்தார்கள். தரைக்கு அடியில் ஆழத்துப் பாறைப் பொருள் மெல்ல வந்து சேருகிறதா என்பது அந்த அளவில் தெரியும். உயர்வின் உச்சம் நடுவில் வளைகுடாவில் இருப்பதால், கோட்டின் இரு முனைகளும் இரு நாடுகளில் இருந்தே ஆக வேண்டும்.

சோவியத் ஒன்றியம் உடைந்ததும் ஸ்ட்ரூவேயின் புள்ளிகள் பத்து நாடுகளில் சிதறிக்கிடந்தன. அவர் பிறந்து 200 ஆண்டு நிறைவுற்ற 1993இல் தார்த்துவில் கூடியவர்கள் அவற்றைத் தேடிக் காக்க முடிவெடுத்தார்கள். 2005இல் நார்வே முதல் உக்ரைன்வரை பத்து நாடுகளின் 34 புள்ளிகள் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாயின. ஆவாசாக்ஸாவும் அவற்றில் ஒன்று.

பால்டிக் கடலைச் சுற்றி, உயர வேறுபாட்டைக் காணும் சமன் அளவைகளைக் கோத்த வளையத்தை நார்டிக் கணக்காளர்கள் ஒரே கணக்காக்கினார்கள். ஸ்வீடனின் புதிய உயர அமைப்பும் ஃபின்லாந்தின் புதிய உயர அமைப்பும் அதிலிருந்தே பிறந்தன. இரண்டுக்கும் ஆம்ஸ்டர்டாம் மட்டமே பூச்சியம், 2000ஆம் ஆண்டே அடிப்படை ஆண்டு. தரை உயரும் வேகத்துக்கும் ஒரே கணிப்பு. கடல் வரைபடங்களில் ஒவ்வொரு நாடும் தன் கரையின் சராசரி நீர்மட்டத்திலிருந்து ஆழத்தை எண்ணி வந்தது. தரை உயர உயர அந்த மட்டமும் நகர்ந்தது. இப்போது பால்டிக் கரை நாடுகள் 2000ஆம் ஆண்டின் பொது மட்டத்துக்கு ஒவ்வொன்றாக மாறிவருகின்றன. ஒரு நாட்டின் கடலிலிருந்து அடுத்த நாட்டின் கடலுக்குள் நுழையும் கப்பலுக்கு, அந்த மாற்றம் முடிந்தபின் வரைபடத்தின் பூச்சியம் மாறாது.