எம்.ஆர்.ஐ ரிப்போர்ட்டில் ‘டிஸ்க் தேய்மானம்’னு வந்திருக்கா? பதற வேண்டாம்!

‘எல் 4 - எல் 5 டிஸ்க் டீஜெனரேஷன்’, ‘மைல்டு டிஸ்க் பல்ஜ்’... 25 வயசுல இடுப்பு வலிக்கு ஸ்கேன் எடுத்து, ரிப்போர்ட்ல இப்படி வந்தா யாருக்குத்தான் பயம் வராது? பைக் ஓட்டலாமா, ஜிம்முக்குப் போகலாமா, ஆபரேஷன் வரைக்கும் போயிடுமோ என்று கேள்விகள் வரிசைகட்டும். அதற்கு முன், அந்த வார்த்தைகளின் அர்த்தத்தைத் தெரிஞ்சுக்கோங்க.

தேய்மானம் என்றால் என்ன?

முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல 23 டிஸ்க்குகள் இருக்கின்றன. ‘ஜவ்வு’ன்னு நாம சொல்றது இதைத்தான். வெளியே உறுதியான நார் வளையம்; உள்ளே நீர்ச்சத்து நிறைந்த ஜெல். இரவில் படுத்திருக்கும்போது டிஸ்க் நீரை உறிஞ்சி உப்பும். பகலில் உடல் எடையைத் தாங்கிச் சுருங்கும். காலையில் நம் உயரம் கொஞ்சம் கூடுதலாக இருப்பது இதனால்தான்.

வயது ஏற ஏற இந்த நீர்ச்சத்து குறையும். சிலருக்கு இருபதுகளிலேயே தொடங்கிவிடும். இதில் பரம்பரைக்குப் பெரிய பங்கு உண்டு. சிகரெட்டும் அதிக எடையும் இதை வேகப்படுத்தும்.

வலியே இல்லாதவர்களுக்கும் உண்டு!

முதுகு வலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன்களைத் தொகுத்து 2015-ல் ஓர் ஆய்வு வெளியானது. அதன்படி, 20 வயதிலேயே 37 சதவிகிதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம் இருந்தது. 80 வயதில் 96 சதவிகிதம்! ஆக, நரைமுடி மாதிரி இதுவும் பெரும்பாலும் வயதின் அடையாளம்தான்.

அதுக்காக, உங்க வலி பொய்யில்லை. ஆனா, வலிக்கு அந்த டிஸ்க்தான் காரணம்னு ரிப்போர்ட்டை மட்டும் வெச்சு முடிவு பண்ண முடியாது. தசைப் பலவீனம், தூக்கமின்மை, மன அழுத்தம்னு பல விஷயங்கள் வலியைக் கூட்டும். ஜவ்வு பிதுங்கி நரம்பை அழுத்தினால் காலுக்கு வலி இறங்கும். அதுவும்கூட பலருக்குச் சில வாரங்கள், மாதங்களில் ஆபரேஷன் இல்லாமலே சரியாகிவிடும்.

என்ன செய்யலாம்?

* வலி அதிகமா இருந்தா ஓரிரு நாள் ஓய்வு போதும். வாரக்கணக்கில் படுத்தே இருந்தால் தசைகள் பலவீனமாகும்.

* நடங்க. சமீபத்தில் முதுகு வலியிலிருந்து மீண்டவர்களை வைத்து ஆஸ்திரேலியாவில் நடந்த ஆய்வு 2024-ல் வெளியானது. நடைப்பயிற்சி செய்யாதவர்களுக்கு வலி திரும்ப சராசரியாக 112 நாள்கள். செய்தவர்களுக்கு 208 நாள்கள். வாரத்துக்கு ஐந்து நாள், அரை மணி நேரம் என்பதை இலக்காக வைத்து மெதுவாகக் கூட்டுங்கள்.

* உட்கார்ந்தே வேலையா? அரை மணிக்கு ஒருமுறை எழுந்திருங்க. போன் வந்தா நடந்துகிட்டே பேசுங்க.

* நாள்பட்ட இடுப்பு வலிக்கு வழக்கமாகத் தரப்படும் பெல்ட்டையும் டிராக்‌ஷனையும் உலக சுகாதார நிறுவனத்தின் 2023 வழிகாட்டுதல் பரிந்துரைக்கவில்லை. பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தரும் உடற்பயிற்சிகளைத் தொடருங்கள்.

இதை மட்டும் அலட்சியப்படுத்தாதீங்க!

சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வது, சிறுநீர், மலத்தை அடக்க முடியாமல் போவது, பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போவது, கால் பலமிழப்பது... இவற்றில் எது வந்தாலும் அது எமர்ஜென்சி. விடியும்வரை காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்க.

காய்ச்சல், எடைக்குறைவு, இரவில் எழுப்பிவிடும் வலி இருந்தால் டி.பி உள்ளிட்ட காரணங்களைப் பார்க்க வேண்டும். காலையில் அரை மணி நேரத்துக்கு மேல் முதுகு இறுகியிருந்து, நடக்க நடக்கக் குறைகிறதா? மூன்று மாதங்களுக்கு மேல் இப்படி நீடித்தால் வாத நோய் மருத்துவரைப் பாருங்கள். இளைஞர்களைத் தாக்கும் ஒருவகை முதுகெலும்பு வாதமாக இருக்கலாம்.

இந்த அறிகுறிகள் எதுவும் இல்லையா? அப்போ ரிப்போர்ட்டை மடிச்சு வெச்சுட்டு, ஷூவை மாட்டுங்க!